கவுஸ் பாயின் பச்சைப் புள்ளி

தொப்பூர் கணவாயில் ஏறும் லாரிகளின் பின்பக்கத்தைப் போட்டோ எடுப்பதுதான், தக்காளி மண்டியை மகனிடம் விட்டுவிட்ட முகம்மது கவுஸுக்கு இப்போது வேலை. அதற்கென்று ஓர் இணையதளம் வேறு. அதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. போன மாதம் மகன் அயாஸ் அதில் ஒரு சாட் பெட்டி வைத்துக் கொடுத்தான். பாய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் அதில் பச்சைப் புள்ளி எரியும். எழுந்து போனால் சாம்பல் நிறமாகிவிடும். அன்றிலிருந்து அந்தப் புள்ளி அணையவே இல்லை. எங்கள் பாலக்கோட்டில் கரண்ட் போனால் அந்த வெளிச்சத்தில் ஊரே சமைத்துச் சாப்பிடலாம்.

எனக்கென்ன நஷ்டம்? சாயங்கால டீ. நான் பஸ் ஓட்டிய காலத்திலிருந்து ஸ்டாண்டுக் கடையில் இருவரும் சேர்ந்துதான் குடிப்போம். இப்போது தனியாகக் குடிக்கிறேன். கேட்டால், "ஆளுங்க வந்து காத்துக் கெடப்பாங்க தர்மா, நீ குடிச்சிட்டுப் போ" என்கிறார்.

யார் அந்த ஆளுங்க? கண்டுபிடிக்க நானே 'சென்றாயன், பென்னாகரம்' என்று பேர் போட்டு உள்ளே நுழைந்தேன்.

"போட்டோ பிரமாதமுங்க" என்று ஒரு வரி தட்டினேன். அவ்வளவுதான்.

"வாங்க சகோதரரே! சாப்டீங்களா? வூட்ல எல்லாரும் சௌக்கியமா?"

என்னை என்றைக்காவது இப்படிக் கேட்டிருப்பாரா? என் வயிறு எரிந்த எரிச்சலில் சர்க்கரை ஆலையை ஒரு சீசன் முழுக்க ஓட்டியிருக்கலாம். ஒரே வாரத்தில் அவனுக்கு, அதாவது எனக்கு, "உங்கள மாதிரி ரசிகர் உலகத்துலயே இல்லீங்க" என்று பட்டம் கொடுத்தார். மகள் உமைராவின் கல்யாணத்துக்கு வந்து தன் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட வேண்டும் என்றார். பக்கத்தில்! அது என் இடம்.

விடுவேனா? சென்றாயனை விட்டே என்னைத் திட்ட வைத்தேன்.

"உங்க கூட்டாளி டிரைவர் தர்மன் இருக்காரே, அவரு பஸ்ஸுல போயிருக்கேங்க. வெறும் வாய்ச்சவடால். அந்த சகவாசம் உங்களுக்கு எதுக்குங்க?"

பாய் பதில் தட்டுவதாக மூன்று புள்ளிகள் துள்ளின. கூடவே என் நெஞ்சும் துள்ளியது.

"யாருய்யா நீ? அவன் வாயாடிதான். அத நான் சொல்லுவேன், நீ சொல்லக்கூடாது. என் சம்சாரம் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப டூட்டிய விட்டுட்டு வந்து நின்னவன் அவன். கெளம்பு."

சென்றாயனை பிளாக் செய்துவிட்டார். வீட்டுக்குள் நான் குதித்த குதியில் தீர்த்தமலை ஓர் அங்குலமாவது நகர்ந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் பாய் டீக்கடைக்கு வந்தார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னா பாய், மொகம் தக்காளி வெல விழுந்தாப்ல இருக்குது?"

"அருமையான ரசிகன்டா. பென்னாகரத்துக்காரன். உன்னால போயிட்டான்."

"போனா போறான், வுடு."

"உனக்கென்ன தெரியும்? நீ என்னிக்காச்சும் என் போட்டோவ நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா?"

சொன்னேனே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, அவர் போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு வைக்கோல் லாரியின் பின்கதவில் வரைந்த மயில். நிஜமாகவே அழகாக இருந்தது. அதைச் சொல்ல என்னைவிட அந்தப் பென்னாகரத்துப் பயலுக்குத்தான் வாய் வரும் என்று நினைத்ததும் மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

"மயிலு சாயம் போயிருக்குது பாய்" என்றேன்.

"உன் கண்ணுதான் போயிருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் டீயை உறிஞ்சினார்.