கூட்டாமல் குறைக்காமல்

நான் வெளிநாட்டுக் காவல் நிலையம் ஒன்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். ஒருவர் சொல்வதை அடுத்தவர் மொழியில் அப்படியே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, ஆலோசனை சொல்லவே கூடாது. பதினோரு வருடமாக வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன்.

அன்று காலை நான்கு பையன்கள் பிடிபட்டிருந்தார்கள். மூன்று பேர் செல்போன் கடையின் பின்கதவை உடைத்து உள்ளே போனவர்கள். நான்காமவன் தெருமுனையில் நின்றவன். பதினைந்து வயது, தமிழ்ப் பையன். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் முழுக்கப் பள்ளியில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டானாம். பிறகு ஒருநாள் அந்த மூவரும் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அவர்கள் நில் என்றால் நின்றான்.

"எதுக்குன்னு எனக்குத் தெரியாது" என்று விசாரித்த பெண் அதிகாரியிடம் சொல்லியிருந்தான். உண்மையோ பொய்யோ, மறுக்கப் போலீசிடம் சாட்சி இல்லை. தெரியாது என்றால் வீட்டுக்குப் போகலாம். தெரியும் என்றால் வழக்கு. குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பமும் அதோகதி.

அவன் அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்ப்பவள். சீருடையோடு ஓடி வந்திருந்தாள். வக்கீல் வரும்வரை காத்திருக்கலாம் என்று அதிகாரி சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"வக்கீல் எதுக்குங்க? தப்பை மறைக்கிறவங்களுக்குத்தான் வக்கீல்."

மற்ற மூவரின் பெற்றோரும் வெளியே வக்கீலுக்காக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி கேட்டதை நான் கேட்டேன்: "கடையை உடைக்கப் போறது உங்க பையனுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது, முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

"தெரியும் மேடம். தெரிஞ்சுதான் போயிருக்கான். என்கிட்டயே ஒத்துக்கிட்டான். சின்னப் பையன், இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க."

"அம்மா! நான் எப்பம்மா சொன்னேன்?"

"வாயை மூடுடா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல?"

முதலில் காலில் விழுந்துவிட்டால் எதிரில் இருப்பவர் கோபம் இறங்கிவிடும் என்பது அவள் கணக்கு. என் அம்மாவும் தலைமையாசிரியரிடம் அப்படித்தான் செய்தாள், நான் தப்பித்தேன். இவள் சும்மா கெஞ்சுகிறாள், அவ்வளவுதான் என்று விளக்க நாக்கு துடித்தது. அவள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். அதிகாரி தட்டச்சு செய்துகொண்டார். பையனுக்கு இரண்டு மொழியும் தெரியும். அம்மா சொன்னதைத் தலையைக் குனிந்தபடி இரண்டாவது முறையாக, அந்த மொழியிலும் கேட்டான்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை சார், நம்ம ஆளா நீங்க இருந்தீங்க. இப்ப கூட்டிட்டுப் போகலாமான்னு கேளுங்க."

கேட்டேன். அதிகாரி பதில் சொன்னார். நான் அவள் பக்கம் திரும்பியும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க விடுங்க அங்கிள், நான் சொல்லிக்கிறேன்" என்றான் பையன்.

"அம்மா, நீ வேலைக்குக் கிளம்பு. நான் வர நாளாகும்."