வெண்கட்டியால் கீறிய அறை

இங்கிலாந்தில், கொவென்ட்ரியில் ஜெயரூபியின் கணவன் சஞ்சீவன் பார்த்து வைத்திருந்த வீட்டின் சின்ன அறை பத்தடி நீளம், எட்டடி அகலம். முகவர் அனுப்பிய படத்தில் அளவு மீற்றரில் இருந்தது. ஜெயரூபி அதை அடிக்கு மாற்றினாள். திருகோணமலை உள் துறைமுக வீதியில் அவள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறைத் தரையில், அளவு நாடாவைப் பிடித்து வெண்கட்டியால் அந்த அறையைக் கீறினாள். யன்னல் வரும் இடத்தில் இரட்டைக் கோடு. கதவுக்கு இடைவெளி. ஐந்து வயது மகள் கௌசிகா அன்றிலிருந்து கோட்டை மிதிப்பதில்லை. இடைவெளியால் மட்டுமே உள்ளே போனாள், வந்தாள்.

அந்த வீடு கிடைத்தால்தான் விசாவுக்குப் போடலாம். மனைவிக்கும் பிள்ளைக்கும் தங்க இடம் இருக்கிறது என்பதற்கு வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். சஞ்சீவனுக்கு இப்போது இருப்பது நாலு பேரோடு ஒரு அறையும் ஒரு கட்டிலும்தான். அவன் இருக்கும் அந்த வீட்டையும் விற்கப்போகிறார்கள், மாத முடிவில் வெளிக்கிட வேண்டும். விசாவுக்கு வேண்டிய, காசநோய் இல்லை என்ற நெஞ்சுப் படச் சான்றிதழை ஜெயரூபி கொழும்புக்குப் போய் எடுத்திருந்தாள்; அது ஆறு மாதம்தான் செல்லும். அதில் நாலு மாதம் போய்விட்டது. எல்லாவற்றையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். எடுத்து வாசித்தால் அடுத்த வீட்டுக்காரியின் விஷயம் போல இருக்கும்.

வீட்டுக்குப் பதினொரு பேர் கேட்டிருந்தார்கள். உங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதி அனுப்புங்கள், வீட்டுக்காரர் வாசித்துத் தெரிவு செய்வார் என்று முகவர் சொல்லியிருந்தார். சஞ்சீவனுக்கு ஆங்கிலம் கதைக்க வரும், எழுத வராது. கிழமையில் மூன்று பின்னேரம் ஆங்கில வகுப்புக்குப் போகிறவள் ஜெயரூபி. அதனால் வேலை அவள் தலையில் விழுந்தது.

வீடு கேட்டுப் போன அனுபவம் அவளுக்கு ஒரே ஒரு தரம்தான். மூன்று வருடத்துக்கு முன் இந்த வாடகை வீட்டைக் கேட்டு அதன் சொந்தக்காரர் தவராசாவிடம் போயிருந்தாள். அவளுக்கு முன்னால் வந்த வங்கி உத்தியோகப் பெடியன் ஒருவனைத் தவராசா திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"தனி ஆம்பிளைக்குக் குடுத்தா வீட்டில பூட்டுத்தான் குடியிருக்கும், பிள்ளை," என்றார் அவளிடம். "குடும்பமெண்டா நாலு சனம் வரும், போகும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி மணக்கும். அப்பதான் வீடு வீடா இருக்கும்."

இடுப்பில் இருந்த கௌசிகாவைப் பார்த்துவிட்டே வீட்டுத் திறப்பை நீட்டினார்.

ஆகவே ஜெயரூபி இருந்த நல்லதையெல்லாம் எழுதினாள். நாங்கள் ஒரு குடும்பம். லண்டனில் என் அண்ணன் குடும்பம் நாலு பேர், அடிக்கடி வந்து தங்குவார்கள். அம்மாவும் வந்து மாதக்கணக்கில் நிற்பார். ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றி, எல்லா அறைக்கும் சாம்பிராணிப் புகை காட்டுவோம். மூன்று வேளையும் வீட்டிலேயே சமைப்போம். வீடு ஒரு நாளும் வெறுமையாகக் கிடக்காது.

மூன்று தரம் திருத்தினாள். 'அடிக்கடி'க்குப் போட்ட சொல் சரிதானா என்று கடைசிவரை சந்தேகம். வகுப்பில் றம்லா ரீச்சர் இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தினார்.

"மாஷா அல்லாஹ். எனக்கொரு வீடிருந்தா உங்களுக்குத்தான் தருவன்," என்று தாளைத் திருப்பித் தந்தார்.

கடிதம் போய் நாலாம் நாள், சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்தபோது ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று கேற்றடியில் நின்று காட்போட் மட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது. அதைத் துரத்தி முடிக்க முதலே போன் அடித்தது. சஞ்சீவன். துறைமுகத்தில் கப்பல் ஒன்று சங்கு ஊதியதால் முதல் சொன்னது கேட்கவில்லை. ஓய்ந்ததும் அவன் திரும்பவும் சொன்னான். வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காரணம் கேட்டானாம். முகவரிடம் வேலை செய்யும் பிள்ளை ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரர் கடிதத்தை வைத்துத் தலை எண்ணியிருக்கிறார், எட்டு வந்திருக்கிறது. கிழமைக்கொரு தரம் வீட்டுக்குள் நெருப்பும் புகையும். சமையல் மணம் கார்ப்பெட்டில் ஊறினால் போகாது.

"இங்க ஆள் இருக்க வேணும், ஆள் இருக்கிறது தெரியக்கூடாது," என்றான்.

"நான்தான் பிழையா எழுதிட்டன்."

"இல்லை, ரூபி. நீ எழுதினதில ஒரு பொய்யும் இல்லை."

ஏசியிருக்கலாம். அவன் ஏசவில்லை. ஒரு தனி அறை இருக்கிறது என்றான். ஒரு ஆளுக்கு மட்டும்தான். ஆறு மாத ஒப்பந்தம், இடையில் விட ஏலாது. மாதம் முடிய அவன் எங்கேயாவது போய்ப் படுக்கத்தானே வேண்டும். சான்றிதழைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, அவளும் கதைக்கவில்லை. போன நாலும் இந்த ஆறும் பத்து.

"ஓம், எடுங்கோ," என்றாள்.

"அதுக்கும் கொஞ்சம் எழுதித் தரச் சொல்லுறாங்கள்."

மீன் பையைக் கதிரைக் காலடியில் வைத்துவிட்டு, அப்போதே அமர்ந்து அவன் எழுதுவதுபோல எழுதினாள். நான் தனியாக இருக்கிறேன். மத்தியானம் வேலைக்குப் போய் இரவு பதினொரு மணிக்குத்தான் வருவேன். அறையில் நெருப்பு மூட்ட மாட்டேன். சமைப்பது மிகக் குறைவு. என்னோடு தங்க யாரும் வரமாட்டார்கள்.

ஒரு தரம் வாசித்தாள். ரீச்சரிடம் கொண்டுபோகத் தேவை இருக்கவில்லை. இதிலும் ஒரு பொய்யும் இல்லை. படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டு சரியும் விழுந்தன, பிறகு நீலமாயின.

அழுகை வரும் என்று கொஞ்சம் பார்த்தாள். பையிலிருந்து மீன் தண்ணீர் வடிந்து தரையில் ஓடத் தொடங்கியிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். குசினிக்கு நேர்வழி வெண்கட்டியால் கீறிய அந்த அறைக்குள்ளால்தான். கௌசிகா உள்ளே யன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

ஜெயரூபியின் கால் தானாகக் கோட்டைச் சுற்றிக்கொண்டு போனது.