பீப்பாய்க்குள் நாலு டின்

எட்டாவது டின்னோடு பீப்பாய் வறண்டுவிட்டது. தாட்சாயணி டின்களை மறுபடி எண்ணினாள். குறுக்களவும் உயரமும் ஒன்றேயான அந்தக் குட்டைப் பீப்பாயை அவளே அளந்து கணக்குப் போட்டிருக்கிறாள். பன்னிரண்டு டின் கடலை எண்ணெய் பிடித்தாக வேண்டும்.

சித்தூர் மில்லிலிருந்து திருப்பதிக்கு அதை ஏற்றி வந்தவன் கங்கையா. புருஷன் போன பிறகு அவளுடைய எண்ணெய்க்கடை மூடாமல் நின்றதே அவன் மாட்டு வண்டியால்தான். அவனே கள்ளன் என்றால்?

"நாலு டின் எங்கய்யா?"

"லேதும்மா, நான் திருடல."

"போன நடை குறைஞ்சதுக்கே மில்லுக்கார முனிரத்தினம் காணிப்பாக்கத்துல சத்தியம் பண்றேங்கறார், விளிம்பு வரைக்கும் ரொப்பினேன்னு. நீயும் வா. பீப்பாயத் தொடலன்னு சொல்லு."

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய் சொல்ல அந்தச் சீமையில் எவனுக்கும் நாக்கு எழாது. கங்கையா தலையைக் குனிந்துகொண்டான்.

"சத்தியம் மட்டும் வாணாம்மா."

அது போதாதா? எல்லைத் தகராறில் தமிழனும் தெலுங்கனும் முறைத்துக்கொண்டிருந்த நேரம். 'தெலுங்கு வண்டிக்காரனை நம்பாதே' என்று பக்கத்துக் கடைக்காரர்கள் வேறு தினமும் ஓதியிருந்தார்கள்.

"நாளையிலேருந்து வராதே!"

அவன் மாட்டைப் பூட்டும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. போன நடையும் எட்டு. அதற்கு முந்தின நடையும் எட்டு. திருடுகிற கை ஒரு நாள் அள்ளும், ஒரு நாள் பயந்து குறைக்கும். இதென்ன, நூல் பிடித்தாற்போல மூன்றில் ஒரு பங்கு?

உருளைக்குள் அதே அடியும் உயரமும் கொண்ட கூம்பு! அது சரியாக மூன்றில் ஒரு பங்கை அடைக்கும்.

உள்ளே பந்து இருந்தால் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கியிருக்கும். விளிம்போரத் துளையில் விடுகிற அளவுகோலையும் பாதியில் தடுத்திருக்கும். கூம்பு தடுக்காது. ஓரத்தில் கோல் அடிவரை இறங்கும். விளிம்பு வரை ரொப்பியதும் நிஜம்தான். முனிரத்தினம் சத்தியத்துக்கு ஏன் பயப்படப் போகிறார்?

"கங்கையா! உளியை எடு. மூடிய வெட்டு."

"மில்லுக்காரர் பீப்பாம்மா. உள்ள ஒண்ணும் இல்லன்னா?"

"வெட்டுய்யா!"

தகரம் கிறீச்சிட்டுப் பிளந்தது. ஒட்டியிருந்த எண்ணெய் வழிய, நட்டநடுவில் ஒரு கூம்பு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

தாட்சாயணி கூம்பைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "அப்புறம் ஏன்யா சத்தியத்துக்கு ஒதுங்கினே?"

"நடைக்கு நடை வண்டி அச்சுக்கு ஒரு கரண்டி ஊத்திக்கினு வர்றேன். தொடலன்னு சாமிகிட்ட எப்டிம்மா சொல்றது?"

"அட, இவ்வளவுதானா! சரி, பீப்பாய ஏத்து. முனிரத்தினத்த ஒரு கை பார்ப்போம்."

கங்கையா பீப்பாயை ஏற்றிக் கட்டினான்.

"அவர் வாசல்ல இறக்கிட்டு அப்படியே ஊருக்குப் போறேன். வேற வண்டி பாத்துக்கங்கம்மா. கரண்டிக்குக் கேட்டிருந்தா ஒத்துக்கினு நின்னிருப்பேன். நீங்க நாலு டின்னுக்கில்ல கேட்டீங்க."