இடக்கைத் துப்பாக்கி

முதல் துப்பாக்கி வாங்க வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். துப்பாக்கி ஒரு தடவை வாங்குவது, தோட்டா வாரா வாரம் வாங்குவது. எந்தத் தோட்டா மலிவோ அதற்கான துப்பாக்கியை வாங்கு. காகிதத்தையும் தகர டப்பாவையும் சுடுவதற்குச் சின்னத் தோட்டா போடுகிற இருபத்திரண்டு ரகத் துப்பாக்கி போதும். அதற்கு மேல் கேட்கிறவன் மான் சுடப் போகிறான், இல்லாவிட்டால் பீற்றிக்கொள்ளப் போகிறான். நிஜமாகவே குறி பார்த்துப் பழக வருகிறவன் துப்பாக்கி விலைக்கு முன்னால் தோட்டா விலையைக் கேட்பான்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். முப்பத்தோரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்து, நுரையீரல் பாதி போன பிறகு, ஊர் ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடையின் முன்பக்கம் ஆணி, பெயின்ட், கோழித்தீவனம். பின்பக்கம் துப்பாக்கிகளும் நானும். யார் வந்தாலும் முதலில் கையைப் பார்ப்பேன். முகத்தை நம்பி நான் ஏமாந்தது போதும்.

அக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை, ராய்ஸ் கட்லிப் தன் மனைவி நெட்டாவோடு வந்தான். மரமறுக்கும் மில்லில் வேலை பார்த்தவன் என்று கேள்வி. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றையும் ரம்பம் எடுத்துக்கொண்டது.

“என்ன பெருசு, வியாபாரம் எப்படி?”

“வாங்கறவன் வந்தா நல்லாருக்கும். வேடிக்கை பாக்கறவன் வந்தா இருக்காது.”

சிரித்தான். “என் பொண்டாட்டிக்கு ஆசை வந்திருக்கு. வியாழக்கிழமை கிளப்புல பொம்பளைங்கல்லாம் குறி பாத்துச் சுடறாங்கல்ல, அங்க சேரணுமாம். விலை கம்மியா ஒண்ணு எடுத்துப் போடு.”

“அப்படியாம்மா?” என்று அவளைக் கேட்டேன்.

“ஆமாங்க,” என்றாள். தரையைப் பார்த்தபடி.

பழைய இருபத்திரண்டு ஒன்றை எடுத்தேன். தொண்ணூறு டாலர். ராய்ஸ் அதைத் தொடக்கூட இல்லை.

“இது வேணாம். போல்ட் இடது பக்கம் இருக்கறதைக் காட்டு.”

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற கைப்பிடிதான் போல்ட். அது எப்போதும் வலது பக்கம் இருக்கும். இடக்கைக்காரர்களுக்காக இடது பக்கம் வைத்தும் கொஞ்சம் செய்கிறார்கள், விலை கூடுதலாக இருக்கும். சரி, அந்தப் பெண்ணுக்கு இடது கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனுஷர்களைப் பற்றி யார் என்ன கேட்டாலும் என் வாய் திறக்காது. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் மூடாது. அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று.

“புதுசு ஒண்ணு இருக்கு, முந்நூத்திப் பத்து. முதல் துப்பாக்கிக்கு அவ்வளவு கொட்டாதீங்க. செத்துப்போன என் தம்பி இடக்கைக்காரன். அவனோட இருபத்திரண்டை ஓக்கிகிட்ட குடுத்து வச்சிருக்கேன், சனிக்கிழமைச் சந்தையில மேசை போடறானே, அவன்கிட்ட. நூத்தி இருபது. உள்ள தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கற ஊசி தேஞ்சு போச்சு, மூணு தடவைக்கு ஒரு தடவை வெடிக்காது. டப்பா சுட அது போதும்.”

“வெடிக்காததை வச்சு நான் என்ன பல்லு குத்தவா?” என்றான் ராய்ஸ். உடனே, “அவதான்... அவ என்ன பண்ணுவா?” என்றான். “புதுசையே எடு. இன்னிக்கே வேணும்.”

கடையில் எனக்கு ஒரு வழக்கம். யார் சுடப் போகிறார்களோ அவர்கள் கையில்தான் துப்பாக்கியைக் கொடுப்பேன். போல்ட்டைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு நெட்டாவிடம் நீட்டினேன். அவள் அதை வலது தோளில் வைத்தாள். வலது கை போல்ட்டைத் தேடிப் போய், ஒன்றுமில்லாத இடத்தைத் தடவியது.

ராய்ஸ் அதை வாங்கி இடது தோளில் வைத்தான். இடது கை போல்ட்டைத் தள்ளி மூடியது. தைத்துப் போட்ட சட்டை மாதிரி அவனுக்குப் பொருந்தியது. குழல் அப்படியே திரும்பிக்கொண்டு போய் நின்ற இடத்தில் நெட்டாவின் முதுகு இருந்தது. அவள் அப்போது சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குழலை இறக்கு.”

“காலிதான பெருசு.”

“என் கடையில காலின்னு எதுவும் கிடையாது. இறக்கு.”

இறக்கினான். அவசரப்படாமல் இறக்கினான்.

கடையில் வாங்கினால் படிவம் எழுத வேண்டும். தனக்குத்தான் வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பெண்டாட்டியை அடித்துத் தண்டனை வாங்கினவன் அதில் கையெழுத்துப் போட முடியாது. இது எனக்கும் தெரியும், ராய்ஸுக்கும் தெரியும். நெட்டா பேனாவை வலது கையில் பிடித்தாள்.

“வாங்கறது நீங்கதானான்னு கேட்டிருக்கு. இதுல பொய் எழுதினா ஜெயிலாங்க ஐயா?”

“ஆமா. வருஷக்கணக்குல.”

“எழுதுடி,” என்றான் ராய்ஸ். குரல் உயரவில்லை.

எழுதக் கையை நீட்டியதில் அவள் சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டில் மஞ்சள் பாய்ந்த பழைய காயம். யாரோ அழுத்திப் பிடித்த கைத்தடம். ஐந்து விரல் தடம் இல்லை. ஒரு பக்கம் கட்டைவிரல், எதிர்ப்பக்கம் சுண்டுவிரல், நடுவில் வெறும் தோல்.

விற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் லாரியில் ஏறினதும் அந்தப் பழி அவள் தலையில்தான் விழும். அதனால் சுவரில் இருந்த போனை எடுத்துத் தோளில் இடுக்கி, படிவத்தைச் சரிபார்க்கிற ஆபீசுக்குப் பேசுகிற மாதிரி எண்களை அமுக்கினேன். இன்னொரு கையின் விரல், ரிசீவர் மாட்டுகிற போன் கொக்கியை லைன் கிடைக்காதபடி அழுத்திக்கொண்டே இருந்தது. செத்த போனில் அவள் பெயரையும் பிறந்த தேதியையும் படித்தேன். சரிங்க, சரிங்க என்று தலையை வேறு ஆட்டினேன்.

“தாமதம்னு சொல்லிட்டாங்க,” என்றேன். “மூணு வேலை நாள். திங்கக்கிழமை வாங்க.”

“இவ மேல என்ன இருக்கு தாமதம் பண்ண?”

“கவர்மென்ட் காரணம் சொல்லிட்டா செய்யும்? இதே பேர்ல எவளாவது எங்கயாவது திருடியிருப்பா.”

காறித் துப்ப இடம் தேடுகிறவன் மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டு, லாரியை எடுக்க வெளியே போனான். நெட்டா கவுண்டரைப் பிடித்தபடி நின்றாள்.

“நிஜமாவே திங்கக்கிழமைங்களா?”

“உனக்கு அதுவரைக்கும் போதுமா?”

“நாளைக்குக் காலையில கை டாக்டரைப் பாக்கப் போவாரு. திரும்பி வர மத்தியானம் ஆயிடும்.” குரல் இன்னும் தணிந்தது. “எங்க அக்கா வீடு...”

கையைத் தூக்கி நிறுத்தினேன். “என்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரியாததை எவனும் என் வாயில இருந்து பிடுங்க முடியாது.”

வெளியே ஹாரன் அடித்தது. போனாள். நான் சொன்னதை நானே மெச்சிக்கொண்டேன். அன்று சாயங்காலம் பீன்ஸும் சோள ரொட்டியும் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ராய்ஸ் மட்டும் வந்தான். கவுண்டர் மேல் இரண்டு கையையும் வைத்தான்.

“அவ இங்க வந்தாளா?”

“யாரு?”

“நேத்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அடுப்பு சில்லுன்னு இருந்துச்சு. ராத்திரி முழுக்கப் படுத்து யோசிச்சேன் பெருசு. யோசிக்க யோசிக்க உன் விரல் ஞாபகம் வந்துது. போன் கொக்கி மேலயே இருந்துதே, அந்த விரல்.” போனை ஒரு பார்வை பார்த்தான். “அந்தப் பக்கம் யாருகிட்ட பேசின? உன் செத்த தம்பிகிட்டயா?”

நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

“சரி, விடு. அந்தத் தம்பி துப்பாக்கி சந்தையிலதான இருக்கு?”

“வித்தாச்சு.”

“பொய் சொல்ல உனக்கு வரலை. காது சிவக்குது பாரு.” கவுண்டரை விட்டு நிமிர்ந்தான். “பயப்படாத. டப்பா சுடத்தான்.”

அவன் லாரி தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்தேன். பச்சை லாரி, பின்கதவு மட்டும் வெள்ளை. ஓக்கி வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையே சந்தை மைதானத்துக்குப் போய் இடம் பிடித்து லாரியிலேயே தூங்குகிறவன் அவன். எங்கள் ஊர்ப் போலீசான ஷெரீப் ஆபீஸின் எண் போன் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. சுரங்கத்தில் ஸ்டிரைக் நடந்த வருஷம் அந்த ஆபீஸ் ஆட்கள்தான் தடியால் என் தம்பி மண்டையைப் பிளந்தார்கள். எழுபத்தோரு வயசு வரைக்கும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. இவனைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்வது? லாரியில் ஏறிப் போனான் என்றா? ரிசீவரை வைத்துவிட்டேன். சந்தை சனிக்கிழமை ஆறு மணிக்குத்தான். முதல் ஆளாகப் போய்த் துப்பாக்கியை எடுத்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்படியே மீறினாலும் அந்த ஊசி தேய்ந்தது, மூன்றுக்கு ஒன்று வெடிக்காது.

ஐந்தரைக்கெல்லாம் போய்விட்டேன். பழைய திறந்தவெளி சினிமா மைதானம். பனிமூட்டத்தில் மேசைகள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. ஓக்கி பிளாஸ்கில் இருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் என்னோடு இருபது வருஷம் இறங்கியவன். அவன் மேசையில் கத்திகள், தூண்டில்கள், மூன்று துப்பாக்கிகள். மூன்றிலும் போல்ட் வலது பக்கம்.

“எங்கடா அது?”

“உனக்கும் குட் மார்னிங்.”

“ஓக்கி, எங்க?”

“போயிடுச்சுய்யா. நேத்து சாயங்காலம், சாமான் இறக்கிட்டிருக்கும்போதே ஒருத்தன் வந்தான். பேரமே பேசலை. உன் காசு பத்திரமா இருக்கு.”

“வலது கை?”

“ரெண்டே விரல். பாவம்.”

“யாருன்னு கேட்டியா?”

“எதுக்கு? டெல்மர் அனுப்பினாருன்னான். உன் தம்பி துப்பாக்கின்னு அவனே சொன்னான். உன் பேரைச் சொன்னப்புறம் நான் என்னத்தைக் கேக்கறது?”

எங்கள் சந்தையில் படிவம் கிடையாது, தாள் கிடையாது. தெரிந்த ஒருத்தன் பெயரைச் சொன்னால் அதுதான் கையெழுத்து. அதை எழுதிக் கேட்கிற கவர்மென்ட்டைத் திட்டி நாற்பது வருஷம் இதே மைதானத்தில் நான் பேசியிருக்கிறேன். ஓக்கி தலையாட்டிக் கேட்டிருக்கிறான்.

“தோட்டா வாங்கினானா?”

“பெட்டியா எடுத்துக்க, அம்பது இருக்கும்னேன். விலை கூடக் கேக்கலை. பத்து போதும்னான். பத்துக்கு என்ன காசு வாங்கறது, சும்மா எண்ணிக் குடுத்தேன்.”

காகிதம் சுடுகிறவனுக்குப் பத்துத் தோட்டா பத்து நிமிஷம் கூட வராது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த ஊசி... மூணுக்கு ஒண்ணு வெடிக்காதுன்னு சொன்னியா?”

ஓக்கிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அதைத்தான் போன வாரமே மாத்திட்டேனே! உன் பேர்ல ஓட்டைச் சாமானை விப்பேனாய்யா? குவாரியில வச்சு முப்பது தடவை சுட்டுப் பாத்தேன். ஒண்ணு கூட மக்கர் பண்ணலை.”

மடித்த நோட்டுகளை நீட்டினான். என் கை மேலே வரவில்லை. நீட்டியபடியே நின்று, என் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சிரிப்பை நிறுத்தினான்.

தின்பண்டக் கடைக்காரி அப்போதுதான் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போனை வாங்கி ஷெரீப் ஆபீசைக் கூப்பிட்டேன். எடுத்தவனுக்குச் சின்ன வயசுக் குரல். எல்லாவற்றையும் சொன்னேன். லாரி நிறம், வெள்ளைப் பின்கதவு, கை, காயம், நான் பேசிய செத்த போன். அவன் எழுதுவது எனக்குக் கேட்டது.

“துப்பாக்கி நம்பர் இருக்குங்களா ஐயா?”

“நான் எழுதி வச்சதில்லை.”

“வித்ததுக்கு ஏதாவது தாள்?”

“இல்ல.”

“எப்ப கிளம்பினான்?”

“நேத்து சாயங்காலம்.”

“சரி, முதல்ல அந்தம்மாவுக்குத் தகவல் சொல்லணும். எங்க இருக்காங்க?”

“அக்கா வீட்டுல.”

“எந்த ஊரு? அக்கா பேரு?”

கவுண்டரைப் பிடித்தபடி அவள் நின்றது கண்ணில் வந்தது. வாயெடுத்தாள். நான்தான் கையைத் தூக்கினேன்.

“எனக்குத் தெரியாது.”

“ஐயா, தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல. யாருக்குத் தெரியும்?”

“இருக்கான்,” என்றேன். “அவ புருஷனுக்குத் தெரியும்.”