பாதத்தில் பத்து இடம்

பையைச் சலசலக்க வைப்பதுதான் அவள் வேலை. நர்ஸ் பாதத்தைத் தொடும்போதெல்லாம் மடியில் இருக்கும் மருந்துப் பையை லேசாக ஒரு அழுத்து அழுத்த வேண்டும். சத்தம் கேட்டதும், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கணவர் "ம்" என்பார். மூன்று நாளாக வீட்டில் ஒத்திகை நடந்திருந்தது.

கணவர் பஸ் ஓட்டுகிறவர். பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் இந்த நர்ஸிடம் காட்ட வேண்டும். எடை, ரத்த அழுத்தம், ஊசி போட்டுக்கொள்ளும் இடம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பாதத்துக்கு வருவாள். ஒரு குச்சியின் முனையில் மெல்லிய நைலான் நரம்பு. அதை ஒவ்வொரு பாதத்திலும் பத்து இடத்தில், நரம்பு வளைகிற அளவுக்கு மட்டும் வைத்து எடுப்பாள். தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். நர்ஸுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'செக்கிங்'. டிக்கெட் பரிசோதகர் பஸ்ஸில் ஏறியதுபோல, கிளினிக் வாசலிலேயே, "செக்கிங் வருது, எல்லாத்தையும் எடுத்து வை" என்பார்.

போன தடவை வலது காலில் இரண்டு இடம் தெரியவில்லை. இன்னும் கூடினால் வண்டி ஓட்டுவதைப் பற்றி டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். அதிலிருந்தே அவருக்குத் தூக்கம் சரியில்லை.

மூன்று நாளுக்கு முன், காலையில் தரை துடைக்கும்போதுதான் அவள் பார்த்தாள். குளியலறையிலிருந்து மேஜை வரைக்கும் சிவப்புப் பொட்டுகள். அவர் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலது பெருவிரலுக்குக் கீழே, காலண்டர் மாட்டுகிற பின் ஒன்று தலைவரைக்கும் ஏறியிருந்தது. அவள் மண்டி போட்டு, காலைப் பிடித்து, நகத்தைக் கொடுத்து நெம்பி இழுத்தாள். இழுக்கும்போது அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"என்ன பண்றே அங்க?" என்றார்.



பின்னைக் காட்டியபோது அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், நர்ஸுக்குத் தெரிந்தால் டாக்டருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரிந்தால் டிப்போவுக்குத் தெரியும், அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து உன்னோடு சண்டை பிடிப்பதுதான் எனக்கு உத்தியோகம் என்று சிரித்தார். பை யோசனை அவருடையதுதான். தரை பிரஷ்ஷிலிருந்து ஒரு நாரைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். இரண்டாம் நாள் ஒத்திகையில் பை கை தவறி நழுவியது. நார் அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவர் "ம்" என்றார். அவள் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்தபடி நின்றாள்.

இன்று நர்ஸ் முதலில் புண்ணைப் பார்த்தாள். புறங்கையால் வலது பாதத்தைத் தொட்டாள். இடது பாதத்தைத் தொட்டாள். மறுபடியும் வலது.

"சூடா இருக்கேண்ணே. என்னாச்சு?"

செருப்பில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது என்று அவர் சொன்னார். ஆளையே தூக்கிப் போடுகிற மாதிரி வலித்ததாம்.

"அப்படியாக்கா?" என்று நர்ஸ் இவள் பக்கம் திரும்பினாள். இவள் தலையாட்டினாள்.

கண்ணை மூடச் சொன்னாள் நர்ஸ். இடது காலில் பை தேவைப்படவில்லை. வலது கால் வந்தது. பெருவிரலில் நரம்பு வளைந்தது. அவள் பையை அழுத்தினாள். "ம்." நடுவிரல். பை. "ம்." சுண்டுவிரல். பை. "ம்." நர்ஸ் பேனாவை எடுத்துக் காகிதத்தில் மூன்று டிக் போட்டாள். போன தடவைக்கு இப்போது பரவாயில்லை என்றாள். முகத்தில் சந்தோஷம்.

மாட்டிக்கொள்வோம் என்றுதான் அவள் மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். நர்ஸ் நம்பிவிட்டாள் என்பது இப்போது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. இன்னும் ஏழு டிக். அதற்குப் பிறகு வீடு. நாலு மணிக்கு அவர் வண்டி எடுப்பார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அது.

அவளால் பையை மடியில் வைத்திருக்க முடியவில்லை. குனிந்து தரையில் வைத்தாள். அது நன்றாகவே சலசலத்தது.

"ம்" என்றார் அவர்.

நர்ஸின் ஒரு கையில் பேனா இருந்தது. இன்னொரு கை காகிதத்தின் மேல் இருந்தது. நரம்புக் குச்சி தட்டில் கிடந்தது. நர்ஸ் குச்சியைப் பார்த்தாள், தரையிலிருந்த பையைப் பார்த்தாள், அப்புறம் இவளை. அவர் மட்டும் சிக்னலில் நிற்கிறவர் மாதிரி, கண்ணைத் திறக்காமல், அடுத்த சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியலை சிஸ்டர்" என்றாள். "ஆணி இல்லை, பின்னு. ஏறினதும் தெரியலை, நான் புடுங்கினதும் தெரியலை."

அவர் கண்ணைத் திறந்தார். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை அவர் அவளைப் பார்த்ததில்லை.

"பிரேக்கு மிதிக்கிறது எனக்குத் தெரியுது" என்றார் நர்ஸிடம்.

"எப்படித் தெரியும்ணே?"

"வண்டி நிக்குமில்ல. அதுல தெரியும்."

நர்ஸ் ஸ்டூலை இழுத்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். திட்டவில்லை.

"நிக்காத அன்னிக்கு?"

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் பக்கத்து அறையிலிருந்து வந்து புண்ணைக் கீறிவிட்டார். உள்ளே சீழ் கோத்திருந்தது. கீறும்போது இவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், நானே மாற்றுகிறேன் என்றாள் நர்ஸ். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு டாக்டரிடம் கடிதம் வாங்கித் தருகிறேன், ஆனால் டிப்போவுக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான், இங்கேயே, நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் இரண்டு தடவை நம்பரைப் போட்டுக் கட் பண்ணினார். மூன்றாம் தடவை பேசினார். காலில் புண், இன்று வண்டி எடுக்க முடியாது என்றார். நர்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமேயும்" என்றார் போனில்.

கட்டுப் போட்டு முடித்து, இவளை அருகில் கூப்பிட்டு நர்ஸ் காட்டிக்கொடுத்தாள். தினமும் விரல் இடுக்கு, குதிகால், நகக்கண். இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டு எது சூடு என்று பார்ப்பது. இவள் இரண்டு பாதத்தையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். இவள் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால்?

"பயமாத்தான் இருக்கும்க்கா" என்றாள் நர்ஸ். "பயந்துக்கிட்டே பாருங்க. சந்தேகம்னா அன்னிக்கே வாங்க. தொந்தரவுன்னு நெனச்சிராதீங்க."

அதற்குப் பிறகு அவர் ஒன்பது வருஷம் இருந்தார். போனது இருதயத்தால், ஒரு மத்தியான நேரத்தில். பத்துக் கால்விரலோடுதான் போனார். அன்றைக்கு அதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் அவர் உர்ரென்று உட்கார்ந்திருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் தெரிந்த ஆள்தான். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டாப் வரும்போதும், வண்டி நிற்பதற்குச் சற்று முன்னால், கட்டுப்போட்ட அந்தக் கால் தரையை அழுத்தியது. நாலாவது ஸ்டாப்பில் கட்டுத்துணியில் ரத்தம் கசிவது தெரிந்தது. அவள் அவர் முழங்காலில் கையை வைத்தாள்.

"மிதிக்காதீங்க."

"நான் எங்க மிதிக்கிறேன்?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

அவள் கைக்குக் கீழே கால் விறைத்து அழுத்திக்கொண்டுதான் இருந்தது.