எலிமூளையும் அறுபத்தொன்றாம் பக்கமும்

1
ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குத் தட்டச்சு வேலையாக வந்தது. 2002இல் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தருகே டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். சென்னையில் ஆய்வு செய்துவந்த கீழ்பென்னாத்தூர் அருணாதேவி தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொண்டுவந்தாள். உயிருள்ள எலியின் தலையை அறுக்காமல், காந்தக் கருவிக்குள் வைத்து, மூளையில் எந்த வேதிப்பொருள் எங்கே எவ்வளவு என்று படமெடுக்கும் ஆய்வு.

(முதல் பத்தியில் மலையும் கோபுரமும் வரவேண்டும் என்றார் பத்திரிகை நண்பர் கோதண்டராமன். வராது.)

2
'அழுதுகொண்டே உள்ளே வந்த அருணாதேவி—'

இல்லை. அவள் அழவில்லை. என் கைக்கு அழுகிற பெண்கள்தான் பழக்கம். வரி அப்படியே கிடக்கட்டும், எனக்கு வெட்கம் வரட்டும்.

"அறுபத்தொண்ணாம் பக்கம் புதுசா ஒண்ணு சேக்கணும்ண்ணா," என்றாள்.

எலிமூளையின் ஓரத்தில் லாக்டேட் என்ற வேதிப்பொருள் ஏறியிருக்கிறது என்பதுதான் ஆய்வின் பெரிய முடிவு. பழைய படங்களைத் திரும்பப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது லாக்டேட்டே இல்லை. மண்டைத்தோலின் கொழுப்பு. கருவியில் இரண்டின் சிக்னலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். தோலின் சிக்னல் படத்தில் விழாமல் அடக்க, கருவியில் குறிக்கும் பட்டையை அவள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டாள். அந்தத் தவற்றை ஒப்புக்கொள்ளும் பக்கம்தான் 61.

[அறிவியல் ஜாஸ்தி என்பவர்கள் எழுந்து போகலாம்.]

3
அவளுடைய ஆய்வு வழிகாட்டி இராமலிங்கம் என் கடைக்கே போன் செய்தார். அந்த முடிவை ஏற்கெனவே இரண்டு மாநாடுகளில் தன் பெயரில் வாசித்திருந்தார். அருணாதேவி ரிசீவரை வாங்கினாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அந்தப் பக்கத்த எடுத்துடும்மா. இல்லன்னா கையெழுத்து போட மாட்டேன். அஞ்சு வருஷம் வீணாப் போயிடும்."

"பதினாறு எலிய மயக்கத்துல போட்டு எடுத்தது சார். அதுங்க சொல்லாதத சொன்னதா எழுத என்னால ஆவாது."

இவ்வளவு நேர்மையான பாத்திரத்தை நானே நம்பவில்லை. கேட்டேன்: "பயமா இல்லியாம்மா?"

"ஜாஸ்தியாவே இருக்குதுங்கண்ணா. நீங்க அடிங்க."

அடித்தேன். அந்தக் கணம் அவள்மேல் எனக்கு வந்தது மரியாதை.

4
முடிவு அ: இராமலிங்கம் மனம் மாறிக் கையெழுத்திடுகிறார். அந்த நல்ல மனசு நான் கொடுத்தது, அவருடையதல்ல. நீக்கினேன்.

முடிவு ஆ: பட்டமில்லாமல் ஊர் திரும்புகிறாள். கோதண்டராமனுக்கு ரொம்பப் பிடித்தது, தோற்ற பெண் மனதில் நிற்பாளாம். அதற்காகவே கிழித்தேன்.

முடிவு இ: அவள்—

எழுத மாட்டேன். நான்கு பிரதி எடுத்துக்கொண்டு சென்னை பஸ் ஏறினாள். சான்றிதழ்ப் பக்கத்தில் வழிகாட்டியின் கையெழுத்துக்கான இடம் காலி. நீங்கள் போடுங்கள். உங்கள் பெயரிலும் அந்தப் பொய் இரண்டு மாநாடுகளில் வாசிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடுங்கள். கை தயங்கினால் சொல்லிவிடுங்கள், இராமலிங்கத்திடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.