சிவசந்தோசம்

ஆறாம் ஜோர்ஜ் முடிசூடிய வருஷம், வெள்ளவத்தை அன்னபாக்கியத்துக்கு மார்பில் புற்று என்று வெள்ளைக்கார டாக்குத்தர் சொன்னார். வெட்டி எடுக்க வேண்டும், பிழைப்பது பாதிக்குப் பாதி என்றும் சொன்னார். அதைவிடப் பெரிய இடி அன்று மாலை வீட்டில் விழுந்தது. துறைமுகத்தில் கிளாக்கராக இருக்கும் அவள் கணவர், "நீங்கள் கொஞ்சம் படுங்கோ, தேத்தண்ணி நான் போடுறன்" என்றார்.

நீங்களாம்! இருபத்திரண்டு வருஷமாக "எடியே", "நீ" என்று வாய் ஓயாமல் ஏசிய மனுசன். அவளும் சும்மா இருந்தவள் இல்லை, சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுத்தவள்தான். அந்தச் சண்டையில்தான் அவர்கள் குடித்தனமே ஓடிக்கொண்டிருந்தது.

அன்னபாக்கியம் விடுவாளா? மறுநாள் சொதியில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் முட்ட முட்டக் குடித்துவிட்டு, "நல்ல ருசி" என்றார். அவருடைய தாயாரைப் பற்றி வாய்க்கு வந்தபடி சொல்லிப் பார்த்தாள். "நீங்கள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்" என்றார்.

அவள் குசினிக்குள் போய், அடுப்படியில் இருந்து அழுதாள். கத்திக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. இந்த மனுசன் இப்போதே தன்னை வழியனுப்பி வைத்துவிட்டாரே என்றுதான் நெஞ்சு பதறியது. ஏசுவதற்கு ஒரு ஆள் இல்லாமல் வெட்டுகிற மேசையில் எப்படிப் போய்ப் படுப்பது?

வெட்டுகிற நாள் காலையில், ஆஸ்பத்திரித் தாதி கொட்டாஞ்சேனைக்காரி கொன்ஸ்ரன்ஸ் மிஸி, விவரம் எழுதும் கடதாசியோடு கட்டிலடிக்கு வந்தாள்.

"உங்கட ஹஸ்பண்ட் பேர் என்னக்கா?"

புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அன்னபாக்கியத்தின் குடும்பத்தில் கிடையாது. "சிவன்... அதோடை சந்தோசத்துக்கு இன்னொரு சொல் இருக்குதெல்லோ, மிஸி" என்று இழுத்தாள். சைவப் பெயர்கள் பழகாத வேதக்கார மிஸிக்கு அது பிடிபடவில்லை. "சிவசந்தோசம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

பக்கத்தில் நின்ற மனுசன் திருத்தவேண்டாமா? "அப்பிடியே இருக்கட்டும், மிஸி. அவவுக்குக் கரைச்சல் குடுக்காதேயுங்கோ" என்றார்.

அன்னபாக்கியத்துக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்றவர்கள் வைத்த பெயரையே விட்டுக்கொடுத்துவிட்டார், பெண்சாதியை விட்டுக்கொடுக்க இவருக்கு எவ்வளவு நேரமாகும்?

"சிவானந்தன்!" என்று கத்தினாள்.

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவருடைய முகம் சிவந்தது.

"எடியே! விசரே உனக்கு? நாலு சனத்துக்கு முன்னாலை புருசன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுறாய்! உந்த வாய்..." குரல் உடைந்தது. "உந்த வாய் இல்லாத வீட்டிலை நான் என்னண்டடி இருக்கிறது?"

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் கையை இறுகப் பிடித்தபடி மிஸியைப் பார்த்தாள்.

"சிவானந்தன் எண்டு திருத்துங்கோ, மிஸி. இவர்தான் என்ரை மனுசன்."